கட்டிக்குள் சர்க்கரையின் பயணம்: பெட் படத்தின் பின்னுள்ள கணிதம்

பெட் ஸ்கேன் படத்தில் புற்றுக்கட்டி இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரிகிறது. அந்தக் கருமை ஒரு தொகையைக் காட்டுகிறது. ஊசி போட்டதிலிருந்து படம் எடுத்தது வரை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதிரியக்கப் பொருளில், திரும்பிப் போனது போக மிஞ்சியது எவ்வளவு என்பதே அந்தத் தொகை. சிகிச்சையைத் தீர்மானிக்கும் மருத்துவருக்கு அதைவிட முக்கியமானது வேகம். கட்டியின் செல்கள் நிமிடத்துக்கு எவ்வளவு சர்க்கரையைப் பிடித்துவைக்கின்றன, அந்த வேகம் மருந்துக்குப் பின் குறைந்ததா என்பதை அவர் அறிய வேண்டும். ஏரியில் நிற்கும் நீர்மட்டத்தை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, வாய்க்காலில் நீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று சொல்லிவிட முடியாது. மதகு வழியே வெளியேறுவது எவ்வளவு, மழை எப்போது பெய்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். தொகையிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குத்தான் தடங்காட்டிகளின் கணித மாதிரி.

டிரேசர் என்று மருத்துவமனைகளில் வழங்கும் தடங்காட்டியின் வரலாறு ஈயத்தில் தொடங்குகிறது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசி 1911-இல் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளை ஈயத்திலிருந்து பிரிக்க முயன்றார். எந்த வேதிமுறைக்கும் அது மசியவில்லை. அதுவும் ஈயத்தின் ஓர் ஐசோடோப்பாக இருந்ததே காரணம். பிரிக்கவே முடியாத பொருள் சாதாரண ஈயம் போகும் இடமெல்லாம் கூடவே போகும்; அப்படியானால் அதன் கதிரைக் கொண்டு ஈயத்தின் வழியைப் பின்தொடரலாம். தோல்வியைத் திருப்பிப் போட்டு இப்படி ஒரு முறையை அவர் கண்டெடுத்தார். 1923-இல் அவரைச் செடியின் வேரிலிருந்து தண்டுக்கும் இலைக்கும் ஈயம் ஏறுவதை இதே முறையில் அளந்தார். 1943-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது.

தடங்காட்டி, தான் பின்தொடரும் அமைப்பைக் கலைக்கக் கூடாது. எவ்வளவு சிறிய அளவு இதற்குப் போதும் என்பதை ஒரு கணக்கு காட்டும். 70 கிலோ எடையுள்ள நோயாளிக்கு 350 மெகாபெக்கரல் அளவுக்கு ஃபுளோரின்-18 ஏற்றிய சர்க்கரை செலுத்தப்படுவதாகக் கொள்ளலாம். கதிரியக்க ஃபுளோரினைத் தாங்கிய மூலக்கூறுகளை மட்டும் எடை போட்டால் ஏறத்தாழ 1 நானோகிராம்தான் வரும். அவருடைய 5 லிட்டர் ரத்தத்தில் ஏற்கெனவே சுமார் 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது; அதாவது 450 கோடி மடங்கு. இத்தனை அற்பமான அளவு எந்த நொதியையும் திணறடிக்காது. ஆகவே ஒவ்வோர் இடமாற்றத்தின் வேகமும் அந்தந்த இடத்தில் உள்ள செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கொள்ளலாம். மாறாத கெழுக்களைக் கொண்ட எளிய நேரியல் சமன்பாடுகளால் உடலுக்குள் நடப்பதை எழுத முடிவது இதனால்தான்.

புற்றுநோயில் பின்தொடரத் தக்க பொருள் சர்க்கரை என்பதற்கான காரணத்தை 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் கண்டார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் கட்டித் திசு குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளியது. இந்தச் சிக்கனமற்ற வழியில் ஆற்றல் பெறும் செல்லுக்குச் சர்க்கரை நிறையத் தேவை. ஆனால் குளுக்கோஸையே தடங்காட்டியாக ஏற்றினால், அது செல்லுக்குள் நுழைந்ததும் சிதைந்து, கதிரியக்க அணு வேறு மூலக்கூறுகளில் ஏறி வெளியே போய்விடும். எதை அளக்கிறோம் என்பதே குழம்பும். குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்ஸில் தொகுதியை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்த எஃப்.டி.ஜி. இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் அதைக் குளுக்கோஸ் என்றே உள்ளே விடுகின்றன. ஹெக்ஸோகைனேஸ் நொதி அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அடுத்த நொதிக்கோ இரண்டாவது கார்பனின் ஹைட்ராக்ஸில் இல்லாமல் வேலை ஓடாது. பாஸ்பேட் ஏறிய மூலக்கூறு சவ்வைத் தாண்டி வெளியேறவும் முடியாது. செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

கணிதமும் வேதியியலும் இங்கே கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் பெதஸ்டாவில் லூயி சோகோலாஃப், கார்பன்-14 ஏற்றிய டீஆக்ஸிகுளுக்கோஸைக் கொண்டு எலியின் மூளையில் சர்க்கரைச் செலவை அளக்கும் மாதிரியை 1977-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் மாதம், புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தட்சுவோ இடோவும் ஆல்ஃப்ரெட் வுல்ஃபும் அடங்கிய குழு உருவாக்கிய எஃப்.டி.ஜி. விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். விமானம் ஏறியதற்கு அதுவே காரணம். அதே பத்தாண்டில் செயின்ட் லூயிஸில் மைக்கேல் ஃபெல்ப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பெட் கருவியை உருவாக்கியிருந்தார்கள். ஃபுளோரின் உமிழும் பாசிட்ரான், திசுவில் சிறிது தூரம் ஓடி ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிகிறது. அப்போது எதிரெதிர்த் திசையில் புறப்படும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் இரண்டையும் நோயாளியைச் சுற்றி நிற்கும் வளையம் ஒரே கணத்தில் பிடிக்கிறது. மூளைக்கென்று பிறந்த முறை, பின்னர் உடல் முழுவதும் உள்ள கட்டிகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

சோகோலாஃபின் மாதிரியில் திசு இரண்டு அறைகளாகக் கருதப்படுகிறது. முதல் அறையில் இருப்பது ரத்தத்திலிருந்து வந்து இன்னும் மாற்றம் அடையாத எஃப்.டி.ஜி.; இரண்டாவதில் இருப்பது பாஸ்பேட் ஏறியது. இவை உடலில் தனித்தனியே சுவர் எழுப்பிய இடங்கள் அல்ல. ஒரே செல்லின் ஒரே மூலையில் இரண்டும் கலந்தே கிடக்கலாம். கணக்குக்காக நிலையை வைத்துப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். ரத்தத்திலிருந்து முதல் அறைக்குள் வரும் வேகம் கே1. அங்கிருந்து ரத்தத்துக்குத் திரும்பும் வேக மாறிலி கே2. முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போவது கே3, அதாவது ஹெக்ஸோகைனேஸின் வேலை. இரண்டாவதிலிருந்து மீள்வது கே4. ஒவ்வோர் அறைக்கும் ‘வரவு கழித்தல் செலவு, சேமிப்பின் மாற்றத்துக்குச் சமம்’ என்று எழுதினால் இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள் கிடைக்கின்றன. மொத்த மாதிரியும் இவ்வளவே.

பெரும்பாலான கட்டிகளில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி மிகக் குறைவு என்பதால் கே4-ஐப் பூச்சியம் என்று வைத்துவிடலாம். அப்போது கட்டி எஃப்.டி.ஜி.யை நிரந்தரமாகப் பிடித்துவைக்கும் நிகர வேகம் ஒரே கோவையில் அடங்குகிறது: கே1 × கே3 ÷ (கே2 + கே3). இதை ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் செறிவால் பெருக்கி, குளுக்கோஸுக்கும் எஃப்.டி.ஜி.க்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யும் ஒரு மாறிலியால் வகுத்தால், திசுவின் சர்க்கரைச் செலவு கிடைக்கும். அந்த மாறிலி கட்டிக்குக் கட்டி மாறக் கூடியது. ஆகவே, புற்றுநோயில் நிகர வேகத்தை அப்படியே பயன்படுத்துவதுதான் நேர்மையானது.

இந்தக் கோவை சொல்லும் செய்தியை எண்களில் பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். ஓர் எடுத்துக்காட்டாகக் கே1 0.1, கே2 0.3, கே3 0.1 என்று கொண்டால் நிகர வேகம் 0.025. ரத்த ஓட்டமும் சவ்வைக் கடக்கும் வேகமும் கூடிக் கே1-உம் கே2-உம் இரட்டிப்பாகின்றன என்று வைத்துக்கொண்டால், நிகர வேகம் 0.0286 ஆகிறது, உயர்வு வெறும் 14 சதவீதம். பழைய நிலையிலேயே கே3-ஐ மட்டும் இரட்டிப்பாக்கினால் 0.04, உயர்வு 60 சதவீதம். கட்டியின் பசியை இங்கே கட்டுப்படுத்துவது நொதியே என்று மாதிரி அடையாளம் காட்டிவிடுகிறது. இன்னொரு கட்டியில் கே1 0.05, கே2 0.1, கே3 0.1 என்று இருந்தாலும் அதே 0.025 வரும். உள்ளே நடப்பது வேறு, வெளியே தெரியும் வேகம் ஒன்று. ஒரு மருந்து ரத்த நாளங்களைத் தாக்குகிறதா, செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் தாக்குகிறதா என்று அறிய விரும்புபவருக்கு நிகர வேகம் மட்டும் போதாது. தனித்தனி மாறிலிகள் வேண்டும்.

சமன்பாடுகளைத் தீர்க்க, ரத்தத்தில் ஒவ்வொரு கணமும் எவ்வளவு எஃப்.டி.ஜி. இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த உள்ளீட்டு வளைகோடுதான் முழு முறையின் உயிர்நாடி. நடைமுறையில் மிகுந்த தொல்லை தருவதும் இதுதான். ஊசி போட்ட முதல் நிமிடத்துக்குள்ளேயே வளைகோடு செங்குத்தாக உச்சிக்கு ஏறி, அதே வேகத்தில் சரிகிறது. அதைத் துல்லியமாகப் பிடிக்க மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகி, முதலில் சில வினாடிகளுக்கு ஒருமுறையும் பிறகு இடைவெளி விட்டும் ரத்தம் எடுக்கிறார்கள். கீமோவால் தளர்ந்திருக்கும் நோயாளிக்கு இது வலி மிகுந்த வேலை. கையைச் சூடாக வைத்து, சிரையிலுள்ள ரத்தத்தைத் தமனி ரத்தத்துக்கு நெருங்க வைத்து எடுப்பது ஒரு மாற்றுவழி. படத்திலேயே இதயத்தின் இடது கீழறையிலோ பெருந்தமனியிலோ ஒரு சிறு பகுதியைக் குறித்து, அங்கிருந்தே வளைகோட்டைப் படிப்பது இன்னொன்று; ஊசிக்குத்து இல்லாத இந்த வழியே இப்போது பரவலாகி வருகிறது. இதிலும் கவனம் தேவை. கருவியின் பிரிதிறன் 4 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், குறுகலான நாளத்தின் கதிர் பக்கத்துத் திசுவுக்குள் சிந்திவிடும். உச்சி தாழ்வாகப் பதியும். உள்ளீடு குறைவாக அளக்கப்பட்டால் கட்டியின் வேகம் அதிகமாகக் கணக்கிடப்படும். தவறு எங்கே நுழைந்தது என்பது முடிவைப் பார்த்தால் தெரியாது.

உள்ளீடு கையில் வந்த பிறகு கணக்கு நேரானது. ரத்தப் பிளாஸ்மாவின் இந்த உள்ளீட்டு வளைகோட்டின் ஒவ்வொரு கணத்தையும் தனியொரு சிறு ஊசியாகப் பாவித்து, ஒவ்வொன்றும் திசுவில் விடும் விளைவைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டியின் வளைகோடு கிடைக்கும். கணினி நான்கு மாறிலிகளையும், கட்டிக்குள் இருக்கும் ரத்தத்தின் பங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கணித்த வளைகோடு அளந்த புள்ளிகளோடு பொருந்தும்வரை ஓடுகிறது. அளந்த புள்ளிகளோ இரைச்சல் நிறைந்தவை. தொடக்கத்தில் எடுக்கும் 10 வினாடிப் படச் சட்டகங்களில் விழும் ஃபோட்டான்கள் குறைவு. குறைந்த எண்ணிக்கையில் தற்செயல் ஏற்ற இறக்கம் அதிகம். ஆகவே எண்ணிக்கை மிகுந்த சட்டகங்களுக்கு எடை கூட்டிப் பொருத்துகிறார்கள். அப்படியும் கே2-உம் கே3-உம் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு நழுவும். பல இணைகள் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தரும். நிகர வேகம் நிலையாக நிற்கும்போது தனி மாறிலிகள் ஆடுவது இதனால்தான். மாறிலிகளைக் கூட்டினால் பொருத்தம் எப்போதும் மேம்படும் என்பதால், கூட்டியதற்குத் தண்டம் விதிக்கும் அகாய்க்கே அளவுகோலை வைத்து மாதிரியைத் தேர்கிறார்கள். வளைகோடு அழகாகப் பொருந்திவிட்டது என்பது மாதிரி சரி என்பதற்குச் சான்று ஆகாது.

இந்தப் பொருத்தலையே தவிர்க்கும் வழியை 1980-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் யெட்டேயும், கிளிஃபர்ட் பாட்லாக்கும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். கட்டியின் செறிவை அதே கணத்துப் பிளாஸ்மா செறிவால் வகுத்து நெடுக்கு அச்சில் வைக்க வேண்டும். அதுவரை பிளாஸ்மாவில் சேர்ந்த மொத்தப் பரப்பை அதே பிளாஸ்மா செறிவால் வகுத்துக் கிடை அச்சில் வைக்க வேண்டும். முதல் 20, 30 நிமிடம் கழிந்ததும் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அதன் சரிவே நிகர வேகம். கோடு நெடுக்கு அச்சை வெட்டும் இடம், பாஸ்பேட் ஏறாமல் திசுவிலும் ரத்தத்திலும் நிற்கும் பங்கைக் காட்டும். நான்கு மாறிலிகளின் போராட்டம் ஒரு ரூலரும் பென்சிலும் போதும் என்ற அளவுக்கு எளிதாகிவிட்டது. பாட்லாக் வரைபடத்தின் அழகு அதன் நிபந்தனையிலும் இருக்கிறது. கோடு வளைந்து கீழே தாழத் தொடங்கினால், சிக்கிய பொருள் மீண்டு வெளியேறுகிறது, கே4 பூச்சியம் அல்ல என்று வரைபடமே காட்டிக்கொடுக்கிறது. நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட ஈரல் புற்றில் இதுதான் நேர்கிறது. ஈரல் செல்லுக்குப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி இயல்பாகவே உண்டு. கட்டி அதை இழக்காமல் வைத்திருந்தால், ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் சுற்றியுள்ள ஈரலோடு கலந்து மறைந்துவிடும்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் இவற்றுள் எதுவும் செய்யப்படுவதில்லை. நோயாளி ஊசி போட்டுக்கொண்டு சுமார் 60 நிமிடம் அசையாமல் ஓய்வெடுக்கிறார். பிறகு ஒரே ஒரு படம். அதிலிருந்து எஸ்.யு.வி. என்ற எண் கணக்கிடப்படுகிறது. செலுத்திய கதிரியக்கத்தை உடல் எடை முழுவதும் சமமாகப் பரப்பினால் வரும் சராசரியைப்போல் கட்டியில் எத்தனை மடங்கு இருக்கிறது என்பதே அது. 350 மெகாபெக்கரலை 70 கிலோவுக்குப் பரப்பினால் கிராமுக்கு 5 கிலோபெக்கரல். சிதைவைத் திருத்தியபின் கட்டியில் 30 இருந்தால் எஸ்.யு.வி. 6. எளியது, மலிவானது, நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காண மிகவும் போதுமானது. ஆனால் அந்த எண்ணுக்குள்ளும் ஒரு மாதிரி ஒளிந்திருக்கிறது. பிளாஸ்மா வளைகோட்டின் மொத்தப் பரப்பு எல்லோரிடமும் மருந்தளவையும் எடையையும் மட்டுமே பொறுத்தது என்றும், கட்டியில் காண்பதெல்லாம் பாஸ்பேட் ஏறியதே என்றும் அது சொல்லாமல் கொள்கிறது. கொழுப்பு எஃப்.டி.ஜி.யை அதிகம் எடுப்பதில்லை என்பதால் பருமனான உடலில் எண் பொய்யாக உயர்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்தவரின் இன்சுலின், தடங்காட்டியைத் தசைக்குத் திருப்பிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை மிகுந்தவரிடம் குளுக்கோஸ் போட்டியிட்டுக் கட்டியின் பங்கைக் குறைக்கிறது. 60 நிமிடத்துக்குப் பதில் 90 நிமிடத்தில் எடுத்தால், சிகிச்சை பெறாத பல கட்டிகளில் எண் இன்னும் ஏறியிருக்கும். பெட் ஸ்கேனுக்கு முன் பட்டினி கிடக்கச் சொல்வதும், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், ஊசி போட்ட நேரத்தை நிமிடக் கணக்கில் குறிப்பதும் சடங்கல்ல. மாதிரி சொல்லாமல் கொண்ட அனுமானங்களைக் காப்பாற்றும் வேலை அது.

கட்டியில் காண்பதெல்லாம் பாஸ்பேட் ஏறியதே என்ற இரண்டாவது அனுமானம் சிகிச்சையின் பலனை மதிப்பிடும்போது இடிக்கிறது. ஒரு கட்டியின் எஸ்.யு.வி. 4 என்றும், அதில் 1 அளவு ரத்தத்திலும் செல்களிலும் பாஸ்பேட் ஏறாமல் நிற்பது என்றும் கொள்ளலாம். மருந்து நிகர வேகத்தைப் பாதியாக்கினால் 3 என்பது 1.5 ஆகி, எண் 2.5-க்கு வரும், குறைவு 37.5 சதவீதம். தொடக்கத்தில் எஸ்.யு.வி. 2 மட்டுமே உள்ள கட்டியில் இதே பாதியாதல் நடந்தால் எண் 1.5, குறைவு 25 சதவீதம்தான். 2009-இல் முன்வைக்கப்பட்ட பெர்சிஸ்ட் விதிகள், கொழுப்பு நீங்கிய எடைக்குத் திருத்திய எண்ணில் குறைந்தது 30 சதவீதக் குறைவையே மருந்துக்கு இணங்கியதாக ஏற்கின்றன. வேகம் பாதியாகக் குறைந்த ஒரு கட்டி அந்தக் கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடலாம். பலன் தரும் மருந்தைப் பலனற்றது என்று நிறுத்திவிடும் அபாயம் இங்கே மெய்யானது. மாதிரிக் கணிதம் வெறும் நுணுக்க ஆராய்ச்சி அல்ல என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தனி மாறிலிகளால் என்ன கிடைக்கும் என்பதை சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் மன்காஃபின் குழு மார்பகப் புற்றில் காட்டியது. கட்டி பெரிதாக வளர்ந்த பெண்களிடம் அறுவைக்கு முன் கொடுக்கும் கீமோவுக்கு முன்பே, ஆக்சிஜன்-15 ஏற்றிய நீரால் கட்டியின் ரத்த ஓட்டத்தையும், எஃப்.டி.ஜி.யால் சர்க்கரைச் செலவையும் அளந்தார்கள். ஆக்சிஜன்-15-இன் அரை ஆயுள் 2 நிமிடமே என்பதால் அது ஓய்ந்தவுடன் எஃப்.டி.ஜி.யைத் தொடரலாம். ரத்த ஓட்டத்துக்கு மிஞ்சிய சர்க்கரைச் செலவு உள்ள கட்டிகள் கீமோவுக்குச் சரியாக இணங்கவில்லை. பின்னர் வந்த ஆய்வில், சிகிச்சையின் நடுவில் ரத்த ஓட்டமோ கே1-ஓ குறையாமல் நின்ற பெண்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் அதிகமாகக் காணப்பட்டன. எஃப்.டி.ஜி. வளைகோட்டின் முதல் சில நிமிடங்களிலேயே கே1 அடங்கியிருக்கிறது. 60-ஆம் நிமிடத்தில் மட்டும் படம் எடுக்கும் வழக்கத்தில் அந்தத் தகவல் பதிவாகாமலே போகிறது.

பழைய கருவிகளில் உடல் முழுவதையும் பார்க்கும்போது இது தவிர்க்க முடியாதது. 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் மட்டுமே ஒரே நேரத்தில் பார்க்கும் வளையம், மார்பில் நிற்கும்போது வயிற்றில் நடப்பதைத் தவறவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சைமன் செர்ரியும் ராம்சி படாவியும் முன்னின்று உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் கருவி 194 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. 2018-இல் முதல் மனிதப் படங்கள் வெளிவந்தன. தலை முதல் கால்வரை எல்லா உறுப்புகளும் ஊசி போட்ட கணத்திலிருந்து ஒருசேரப் பதிவாகின்றன. பெருந்தமனியும் எப்போதும் பார்வையில் இருப்பதால் உள்ளீட்டு வளைகோடு படத்திலிருந்தே கிடைக்கிறது. உணர்திறன் பல மடங்கு உயர்ந்ததால் சட்டகங்களை ஒரு வினாடிக்கும் சுருக்கலாம். கட்டியின் ஒவ்வொரு முப்பரிமாணப் படப்புள்ளிக்கும் தனித்தனியே மாறிலிகளைக் கணக்கிட்டு, நிகர வேகத்தையே ஒரு படமாக வரையலாம். ஈரலின் இயல்பான கருமைக்குள் மறைந்திருக்கும் கட்டிகள் அத்தகைய படத்தில் மேலெழுந்து தெரிகின்றன; அங்கே பின்னணியின் வேகம் மிகத் தாழ்வு.

தடங்காட்டியே மருந்தாகும் சிகிச்சையில் இந்தக் கணக்கு நேரடியாக நோயாளியின் சிறுநீரகத்தைத் தொடுகிறது. நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கு லுட்டீசியம்-177 ஏற்றிய டோட்டாடேட் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. லுட்டீசியத்தின் இயற்பியல் அரை ஆயுள் 6.65 நாள், அதாவது சுமார் 160 மணி. சிறுநீரகம் தன்னிடம் சேர்ந்த மருந்தில் பாதியை 64 மணியில் வெளியேற்றுகிறது என்று கொண்டால், இரண்டு வழியும் சேர்ந்த பயனுறு அரை ஆயுள் ஏறத்தாழ 46 மணி. வெளியேற்றம் மந்தமாகி 100 மணி ஆகும் நோயாளியிடம் அது 62 மணியாகிறது. தொடக்கத்தில் ஒரே அளவு மருந்து சேர்ந்திருந்தாலும் இவருடைய சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமான கதிரை வாங்கும். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் ஒரே அளவாக, 8 வாரத்துக்கு ஒருமுறை 7.4 கிகாபெக்கரல் வீதம் 4 தவணை. முதல் தவணைக்குப் பின் வெவ்வேறு நாட்களில் படம் எடுத்து, சிறுநீரகத்தின் வளைகோட்டைப் பொருத்தி, அதன் கீழுள்ள பரப்பைக் கண்டால், அடுத்த தவணைகளை அவரவர் சிறுநீரகம் தாங்கும் அளவுக்கு மாற்றி அமைக்கலாம். மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றுபவருக்குக் கட்டியை அழிக்கக் கூடுதல் தவணை கொடுக்கவும் இடமுண்டு.